ஏப்ரலிலை நடு மோனை, கடைக்காரன் வாழட்டும்

உன்ரை தோட்டத் திட்டத்தைப் பாத்தன், மோனை. கொம்பியூட்டரிலை நிறம் நிறமாய்க் கட்டம் போட்டு, மேலை "வசந்தகாலத் தோட்டம்" எண்டு தலைப்பும் வைச்சு, வாட்ஸ்அப்பிலை அனுப்பியிருந்தாய். வலு வடிவு. எங்கடை உரும்பிராயிலை தலைமுறை தலைமுறையாய்த் தோட்டம் செய்த ஆக்கள் ஒருத்தரும் இப்பிடிக் கட்டம் போடேல்லை. அவைக்கு விளைவிக்கிறதுக்கே நேரம் காணேல்லை. புடலுக்கு நீலம், பாவலுக்குப் பச்சை, வெண்டிக்கு மஞ்சள், கத்தரிக்கு ஊதா. கத்தரிக்கு ஊதா போட்டாய் பார், அங்கைதான் நீ யூனிவேர்சிற்றிக்குப் போன பிள்ளை எண்டு தெரியுது. எல்லாக் கட்டத்துக்கும் நேரே ஒரே திகதி: ஏப்ரல் 14. சித்திரை வருசப் பிறப்பு. நல்ல நாள்தான். கைவிசேஷம் வாங்கின கையோடை கண்டையும் நட்டுப்போடலாம்.

நடு மோனை, நான் மறிக்கமாட்டன். நீ ஏப்ரலிலை நட்டால்தானே, கண்டு விக்கிறவன் அதே கண்டை மே கடைசியிலை திரும்பவும் உனக்கே விக்கலாம். அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கு, வீட்டுக் கடன் இருக்கு. பெப்ரவரியிலை வாசலிலை ஸ்நோ முழங்காலளவு கிடக்கேக்கையே கடைக்குள்ளை விதைப் பக்கற்றுகளை வடிவாய் அடுக்கி வைக்கிறாங்களே, அது உன்னைப் பாத்துத்தான். நீ வாங்காமல் விட்டால் அந்த அலுமாரியே அழுதுபோடும்.

2018 ஆம் ஆண்டுச் சித்திரை வருசம் நினைவிருக்கோ? அந்த ஏப்ரல் 14 துவங்கித் தென் ஒன்ராறியோ முழுக்க ஐஸ் மழை. மரக்கொப்பெல்லாம் முறிஞ்சு கரண்டுக் கம்பியிலை விழுந்து, எத்தனையோ வீடு இருட்டுக்கை. கோயிலுக்கு வெளிக்கிட்ட சனம் பட்டுவேட்டிக்கு மேலை குளிர் ஜக்கற்றும் கீழை ஸ்நோ பூட்ஸுமாய் நிண்டுதுகள். பஞ்சாங்கத்திலை பிழையில்லை மோனை; பஞ்சாங்கக்காரர் ஸ்காபரோவுக்கெண்டு கணிக்கேல்லை, அவ்வளவுதான்.

உனக்கு இந்த அவசரம் எங்கையிருந்து வந்ததெண்டும் எனக்குத் தெரியும். மார்ச்சிலை ரெண்டு நாள் நல்ல வெயில் எறிச்சுது. நீயும் அரைக் காற்சட்டையோடை பின்வளவுக்குள்ளை இறங்கி, இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு, கமம் செய்யப்போற ஆள் எண்டு படம் எடுத்துப் போட்டாய். மார்ச் வெயில் கலியாணத் தரகன் கண்டியோ. மாப்பிளை எஞ்சினியர், சொந்தமாய் ரெண்டு வீடு, தண்ணி வென்னி தொடமாட்டார் எண்டு எல்லாம் சொல்லும். கடன் கதை தாலி ஏறினாப் பிறகுதான் வெளியிலை வரும்.

அப்பிடித் தாலி ஏறின வருசம் 2012. அந்த மார்ச்சிலை ஒன்ராறியோவிலை நாள் கணக்காய் 20 பாகைக்கு மேலை வெக்கை. ஊர்ச் சனமெல்லாம் ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு திரிஞ்சுதுகள். ஆப்பிள் மரத்துக்கு ஆர் சொல்லுறது, இது மே இல்லை, மார்ச் எண்டு? அது கிழமைக் கணக்கிலை முந்தியே கண் முழிச்சு, மொட்டு வைச்சு, பூத்தும் போச்சு. ஏப்ரல் கடைசியிலை உறைபனி வந்துது. எல்லா ஏப்ரலிலும் வாற பனிதான். புதுசாய் வந்தது பூவு. மொட்டு இறுக்கி மூடியிருக்கேக்கை பெரிய குளிரையும் தாங்கும். விரிஞ்ச பூ உறை நிலைக்கு ரெண்டு மூண்டு பாகை கீழை போனாலே நடுவிலை கறுத்துப்போடும். அந்தக் கறுப்புக் குத்து இருக்கிற பூவிலை காய் பிடியாது. அந்த வருசம் ஒன்ராறியோ ஆப்பிள் விளைச்சலிலை ஏறக்குறைய 80 வீதம் போச்சு. பரம்பரை பரம்பரையாய்ப் பழத்தோட்டம் செய்யிறவங்களே தலையிலை கையை வைச்சுக்கொண்டு இருந்த வருசம் அது. நீ போன வருசம்தான் வீடு வாங்கினாய். உனக்கு அந்தப் பயம் இல்லை. நல்லது, வாலிப வயது.

நீ வழமையான கேள்வியைக் கேப்பாய், எனக்குத் தெரியும். "உலகம் சூடாகுது எண்டு ரி.வி. முழுக்கச் சொல்லுறாங்கள், பெரியப்பா. அப்ப தோட்டக்காரருக்கு நல்லதுதானே?" கேக்க வலு சந்தோசம். கனடா அரசாங்கம் 2019 இலை வெளியிட்ட அறிக்கையின்படி 1948 இலையிருந்து 2016 வரைக்கும் இந்த நாடு சராசரியாய் 1.7 பாகை சூடாகியிருக்கு. உலகச் சராசரியிலும் பாக்க ரெண்டு மடங்கு வேகம். அதிலையும் மாரிகாலம் மட்டும் 3.3 பாகை. விளங்குதோ? கூடச் சூடாகினது மாரி. மரம் செடி நித்திரை கொள்ளுற காலம் அதுதான். நித்திரையை ஆரோ தட்டித் தட்டிக் குழப்புறாங்கள். ஆனால் மே மாதத்து ஒரு தெளிஞ்ச இரவிலை வடக்கிலையிருந்து இறங்கிற குளிர்க் காத்து அந்த அறிக்கையை வாசிக்கேல்லை. அது தன்ரை பாட்டுக்கு வரும். எழும்புறது முந்திப்போச்சு, அடி விழுற நாள் அந்தளவுக்கு முந்தேல்லை. அந்த இடைவெளிக்குள்ளைதான் உன்ரை ஏப்ரல் 14 கிடக்கு.

மேற்கை பிரிட்டிஷ் கொலம்பியாவிலை, ஒக்கனாகன் பள்ளத்தாக்கிலை, இன்னும் வடிவாய்ப் படம் காட்டினது. 2023–24 மாரி கனடாவிலை பதிஞ்சதுக்குள்ளை ஆகச் சூடான மாரி. டிசம்பர் முழுக்க இதமாய் இருந்துது. ஜனவரி நடுவிலை ஒரு கிழமை போலக் கடுங்குளிர் அடிச்சுது. பீச், அப்ரிக்கொட் மொட்டெல்லாம் அப்பிடியே போச்சு. வைன் வடிக்கிற முந்திரிகையும் ஏறக்குறைய முழுக்கப் போச்சு. ஆகச் சூடான மாரியிலை குளிரிலை செத்த மரங்கள்! எங்கடை ஊர்க் கூத்திலை கட்டியக்காரன் சொன்னால்கூட நம்பமாட்டம்.

உன்ரை மற்ற ஆயுதத்தையும் நான் மறக்கேல்லை. ஏதோ வரைபடத்தைக் காட்டி, "பெரியப்பா, எங்கடை சோன் மாறியிட்டுது" எண்டு நெஞ்சை நிமித்தினாய். ஓம், மாறினதுதான். கனடாக்காரன் அந்த வலயப் படத்தை முதல் போட்டது 1967 இலை. பிறகு திருத்தத் திருத்த எங்கடை பக்கம் சூடான நிறத்துக்குத்தான் போகுது. அமெரிக்காக்காரனும் 2023 இலை புதுப் படம் போட்டு, நாட்டிலை பாதி இடத்தை அரை வலயம் சூடாக்கினவன். ஆனால் மோனை, அமெரிக்கப் படத்தைப் பாத்து நீ தெரிஞ்சுகொள்ளுறது ஒண்டே ஒண்டு: மாரியிலை ஆகக் கீழை எத்தனை பாகைக்குப் போகும் எண்டது. கனடாப் படம் இன்னும் கொஞ்சம் விசயத்தைச் சேத்துப் பாக்கும், மழை, ஸ்நோ ஆழம், காத்து எண்டு. ரெண்டும், வருசக் கணக்கிலை நிக்கிற மரம் மாரியைத் தாண்டுமோ எண்டுறதுக்குப் போட்ட படங்கள். உன்ரை வெண்டி மாரியைத் தாண்டப்போறதில்லை. அது வெள்ளிக்கிழமை ராவைத் தாண்டுமோ எண்டுதான் எனக்குக் கவலை.

சரி, பகிடி காணும். கொஞ்சம் மண்ணுக்கு வருவம்.

படத்தையும் கட்டத்தையும் வைச்சுப்போட்டு, மண்வெட்டியோடை பின்வளவுக்குப் போ. ஸ்நோ கரைஞ்சு ரெண்டு மூண்டு கிழமை போகட்டும். ஒரு சாண் ஆழத்திலையிருந்து ஒரு பிடி மண் எடுத்துக் கையிலை வைச்சு இறுக்கிப் பொத்து. கையை விரிச்சுப்போட்டுப் பெருவிரலாலை ஒருக்கா அமத்து. உடைஞ்சு உதிர்ந்தால் கொத்தலாம். உடையாமல், உன்ரை அஞ்சு விரலின்ரை அச்சையும் தாங்கிக்கொண்டு மினுமினுத்துக்கொண்டு கிடந்தால், கையைக் கழுவிப்போட்டு உள்ளை போய் ரீ குடி. இஞ்சை கன வீட்டு வளவிலை மேல்மண்ணை வீடு கட்டினவன் வழிச்செடுத்துப் போட்டு, களியை மிதிச்சு இறுக்கி, அதுக்கு மேலை நாலு விரற்கடை மண்ணும் புல்லுப் பாயும் விரிச்சுப்போட்டுப் போயிருப்பான். அந்தக் களியை ஈரத்தோடை கொத்தினாய் எண்டால் கோடை முழுக்கச் செங்கல்லுத்தான் விளையும். உரும்பிராய்ச் செம்மண்ணிலை மழை விட்டு அடுத்த நாள் கொத்தின கை இது. இந்தக் களியைக் கண்ட முதல் வருசம் மண்வெட்டியை இழுத்தெடுக்க என்ரை சப்பாத்து உள்ளை நிண்டிட்டுது.

பலகை அடிச்சு உயரப் பாத்தி கட்டப்போறன் எண்டாய். அது புத்தி. உயர்த்தின பாத்தி தண்ணியைக் கெதியாய் வடிச்சு, நிலத்திலும் பாக்க முந்திச் சூடேறும். உள்ளை போடுறதுக்கு ஆட்டெரு மூட்டை வாங்கி வைச்சிருக்கிறாய் எண்டும் கண்டன். ஆட்டெருவைப் பிளாஸ்ரிக் பையிலை அடைச்சு, அதிலை செம்மறி ஆட்டின்ரை படமும் போட்டு, டொலரிலை விக்கிறாங்கள். ஊரிலை எங்கடை ஆடு இதைக் கேள்விப்பட்டால் சம்பளம் கேட்டிருக்கும்.

இப்ப திகதிக்கு வாறன். ரொறன்ரோப் பக்கம் கடைசி உறைபனி சராசரியாய் மே முதல் பாதியிலை போகும். சராசரி எண்டால் என்ன? ஏறக்குறைய ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா அதுக்குப் பிந்தியும் வரும் எண்டு அருத்தம். அதுக்குத்தான் இஞ்சத்தை ஆக்கள் விக்டோரியா நாள் நீண்ட வார இறுதி வரைக்கும் பொறுத்து நடுகிறவை. மே 25 க்கு முந்தின திங்கள் அது. நல்ல வழக்கம். ஆனால் அதையும் வேதவாக்காய்ப் பிடிக்காதை. 2020 இலை அன்னையர் தினத்துக்கு முதல் நாள், மே 9, ரொறன்ரோவிலை ஸ்நோ பறந்துது. 2015 இலை விக்டோரியா நாள் மே 18 இலை முடிஞ்சு, சனமெல்லாம் கண்டை நட்டுப்போட்டுக் காலை நீட்டிக்கொண்டு இருக்க, மே 23 விடியப்பறம் உறைபனி விழுந்து ஆப்பிள் தோட்டங்களையும் வாட்டிப்போட்டுது. மகாராணிக்கே மரியாதை குடுக்காத பனி, உன்ரை கட்டத்துக்குக் குடுக்குமோ?

அதாலை ஏப்ரலிலை சும்மா இருக்கச் சொல்லுறன் எண்டு நினையாதை. ஏப்ரலிலை நுவரெலியா மரக்கறி நடு. ஜூனிலை யாழ்ப்பாணத்து மரக்கறி நடு. என்ரை கணக்கு இவ்வளவுதான், இதுக்குக் கொம்பியூட்டர் தேவையில்லை. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலை இருக்கிற இடம். அங்கையிருந்து லொறியிலை எங்களுக்கு என்னென்ன வந்துது? கரட், பீற்றூட், லீக்ஸ், கோவா, முள்ளங்கி. அதெல்லாம் குளிர்ச் சாமான். மண் உதிரத் துவங்கின உடனை விதைக்கலாம். பட்டாணி மண் 5 பாகையிலையே மெல்லக் கண்ணைத் திறக்கும். எங்கடை சாமானிலையும் ரெண்டு இருக்கு இந்தக் குளிருக்குத் துணிஞ்சது: வெந்தயமும் கொத்தமல்லியும். கொத்தமல்லியை நீ ஜூலையிலை விதைச்சுப்போட்டு, இலை வர முந்திப் பூக்குது எண்டு அழுவாய். ஏப்ரல் கடைசியிலை விதை, ரசத்துக்குப் போதும் போதும் எண்டு வரும்.

வெண்டி, பாவல், புடல், பயித்தை, கத்தரி, மிளகாய் எல்லாம் வேறை சாதி. அதுகளைப் பனி கொல்லோணும் எண்டில்லை. 10 பாகைக்குக் கீழை ரெண்டு மூண்டு ராக் குளிர் பட்டாலே அப்பிடியே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்திடும். சாகாது, வளரவும் மாட்டாது. இலை மஞ்சளாகி, வேர் குளிர்ந்த மண்ணிலை ஒண்டையும் உறிஞ்சாமல், ஜூலை வரைக்கும் கோபத்தோடை நிக்கும். பக்கத்து வீட்டுக்காரன் ஜூன் முதல் கிழமையிலை நட்ட கண்டு அதைத் தாண்டிப் போகேக்கை நீ எனக்குப் போன் எடுப்பாய், "பெரியப்பா, என்ன உரம் போட?" எண்டு. பகல் எத்தனை பாகை எண்டு பாக்காதை. ரா எத்தனை எண்டு பார். கத்தரிக்கும் மிளகாய்க்கும் ரா 12, 13 நிலைச்சு நிக்கோணும். வெண்டிக்கும் பாவலுக்கும் 15. இஞ்சத்தைப் பழைய கமக்காரர், ஓக் மரத்து இளம் இலை அணிலின்ரை காதளவு வந்தால் சோளம் போடலாம் எண்டு சொல்லுறவை. கட்டம் போடாத ஆக்கள் எல்லா ஊரிலையும் இருந்திருக்கினம்.

மிளகாய் விதையைத்தான் நீ ஏப்ரலிலை வெளியிலை போடப்போறாய். அதை மார்ச்சிலையே உள்ளுக்குப் போட்டிருக்கோணும். முளைக்க 25, 30 பாகைச் சூடு வேணும். பேஸ்மென்ட்டிலை போர்னஸுக்குப் பக்கத்திலை தட்டை வை. முளை தலை காட்டின அண்டே அங்கையிருந்து எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டு வா, ஒரு நாள் பிந்தாதை. யன்னல் வெளிச்சம் போதும் எண்டு விட்டால், கண்டு வெள்ளை நூலாய் நீண்டு, கண்ணாடியிலை நெத்தியை முட்டிக்கொண்டு நிக்கும். அதின்ரை தண்டைத் தொட்டுப் பார், தண்ணிதான் இருக்கும். எல்ஈடி லைற் ஒண்டைக் கண்டுக்கு மேலை ஒரு சாண் உயரத்திலை தொங்கவிடு. பதினாலு, பதினாறு மணித்தியாலம் எரியட்டும். பொலிஸ் வந்து கதவைத் தட்டினால் பச்சைமிளகாய் எண்டு சொல்லு. நாளுக்கொருக்காக் கையாலை மெல்லத் தடவி விடு, தண்டு இறுகும். தண்ணியை அளவோடை விடு; பாசம் கூடித் தண்ணி வாத்தால் அடித்தண்டு கறுத்து, காலமை பாக்கேக்கை வரிசையாய்ப் படுத்திருக்கும்.

பாவல், புடல் விதையை முந்திப் போடாதை. வெளியிலை நடுறதுக்கு மூண்டு, நாலு கிழமைக்கு முதல் உள்ளுக்குப் போட்டால் போதும். ஓடு தடிப்பு, நகவெட்டியாலை நுனியிலை ஒரு சின்னக் காயம் போட்டு ஒரு ரா தண்ணியிலை ஊறவிடு. வேரைக் குழப்பினால் பிடிக்காது. கடுதாசிக் கோப்பையிலை போட்டு, கோப்பையோடை மண்ணுக்கை இறக்கு.

சிறகவரைக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறாய். ஊரிலையிருந்து ஆரோ கொண்டு வந்து தந்த விதை எண்டாய். எயார்ப்போட்டிலை எழுதிக் குடுத்துத்தானே கொண்டு வந்தவை? நான் கேக்கேல்லை, எனக்குத் தெரியவும் வேண்டாம். நடு, ஆனால் அதிலை காய் எதிர்பாராதை. யாழ்ப்பாணத்திலை ஆக நீளமான பகலே பன்னிரண்டேமுக்கால் மணித்தியாலத்துக்கு உள்ளைதான். இஞ்சை ஜூனிலை பதினைஞ்சரை. எங்கடை பழைய சிறகவரை, நாட்டு அவரை இதுகள் பகல் குறுகினால்தான் பூக்கும். ஒன்பது மணிக்கும் வெளிச்சமாய்க் கிடக்கிற ஊரிலை அதுக்குக் காலக்கணக்கே தெரியாது. வேலி முழுக்க ஏறி, அயலவன்ரை கூரைக்கும் போய், செப்ரெம்பர் கடைசியிலைதான் "ஓகோ, பூக்கிற காலம் வந்திட்டுது போல" எண்டு மொட்டு வைக்கும். ஒக்ரோபரிலை பனி வந்து கணக்கை முடிக்கும். உன்னிலை பிழையில்லை, விதையிலும் பிழையில்லை. பகல் நீளத்தைப் பாராமல் பூக்கிற இன விதை இஞ்சையே விக்கிறாங்கள், தேடி வாங்கு. நயாகராப் பக்கம் வைன்லாண்ட் எண்ட ஆராய்ச்சி நிலையத்திலை வெண்டியையும் நீட்டுக் கத்தரியையும் ஒன்ராறியோவிலை எப்பிடி விளைவிக்கலாம் எண்டு வெள்ளைக்காரன் சோதிச்சுப் பாத்திருக்கிறான். எங்கடை சாமானை அவன் படிக்கிறான். நீ அதுக்கு நிறம் தீட்டிக்கொண்டு இருக்கிறாய்.

கண்டை வெளியிலை கொண்டுபோற கிழமையிலைதான் கன பேர் தோத்துப் போறது. பேஸ்மென்ட் லைற்றுக்குக் கீழை வளந்த கண்டு வெயில் எண்டால் என்னெண்டு அறியாது. நேரே முத்தத்திலை வைச்சால் பின்னேரத்துக்குள்ளை இலை காகிதமாய் வெளிறும். முதல் நாள் நிழலிலை ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் ரெண்டு, காத்துப் படாத மூலையிலை. அப்பிடி ஒரு கிழமை, பத்து நாள் பழக்கோணும். ஊரிலை கண்டு நட்ட அண்டு ஓலை குத்தி நிழல் விடுவம், அதே வேலைதான். உனக்கு வேலைக்குப் போகோணும், தூக்கி வைக்க நேரமில்லை எண்டாய். வீட்டிலை ரெண்டு பெடியள் இருக்கிறாங்கள், போனைப் பிடிக்கிற கையிலை தட்டைக் குடு.

நட்டாப் பிறகும் ஒரு ரா குளிரும் எண்டு செய்தியிலை சொல்லுவான். 3 பாகை எண்டுதான் சொல்லுவான், நீயும் பூச்சியம் இல்லைத்தானே எண்டு படுத்திடுவாய். அவன் வெப்பமானியை நிலத்திலையிருந்து ஒரு ஆள் நெஞ்சுயரத்திலை வைச்சுப் பாக்கிறான். உன்ரை கத்தரி நிலத்தோடை கிடக்கு. முகில் இல்லாமல், காத்தும் அசையாமல், வெள்ளி எல்லாம் பளிச்சிடுற ராவிலை நிலம் தன்ரை சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டிடும். மேலை 3 எண்டால் கீழை உறையலாம். அண்டைக்குப் பின்னேரமே நிலத்துக்குத் தண்ணி விடு, ஈர நிலம் சூட்டைப் பிடிச்சு வைக்கும். இருட்ட முந்தி மூடு. பிளாஸ்ரிக் வேண்டாம், இலையிலை தொட்ட இடமெல்லாம் கருகும். பழைய பெட்ஷீற், இல்லாட்டி பெரியம்மாவின்ரை நூல்சீலை நல்லது; நிலம் வரைக்கும் தொங்கோணும், நிலத்துச் சூட்டைத்தான் நாங்கள் பொத்தி வைக்கிறம். விடிஞ்சு வெயில் ஏறினவுடனை எடுத்திடு. மூலையிலை பள்ளமாய்க் கிடக்கிற பாத்தியை முதல் மூடு, குளிர்க் காத்து தண்ணி ஓடுற வழியாலைதான் ஓடும். உன்ரை வளவிலை சீலை கட்டின உருவங்கள் நிரையாய் நிக்கிறதைப் பாத்து அயலவன் ஏதும் கேட்டால், சொந்தக்காரர் வந்திருக்கினம் எண்டு சொல்லு. எங்கடை வீட்டிலை எத்தனை பேர் வந்தாலும் அவன் ஆச்சரியப்படமாட்டான்.

அணிலைப் பற்றி நான் ஒண்டும் சொல்லப்போறதில்லை. அது உன்ரை முதல் தக்காளியிலை ஒரு கடி மட்டும் கடிச்சுப்போட்டு, வேலியிலை உன்னைப் பாத்தபடி வைச்சிட்டுப் போகும். அந்தப் பாடம் ஆர் சொன்னாலும் விளங்காது. மழையும் இப்ப பழைய மழை இல்லை. 2013 ஜூலை 8 ஆம் திகதி பியர்சன் எயார்ப்போட்டிலை ஒரு பின்னேரத்திலை 126 மில்லிமீற்றர் கொட்டினது. 2024 ஜூலையிலும் கிட்டத்தட்ட 100. பேந்து சில நேரம் கிழமைக் கணக்காய் ஒரு துளியும் விழாது. கொட்டுற அண்டைக்கு வடிய வழியும், காயிற அண்டைக்கு மண்ணை மூட வைக்கோலும் வேணும், அவ்வளவுதான்.

வாழைக்கும் முருங்கைக்கும் கட்டம் போட்டிருக்கிறாய். உன்ரை மனிசி கேட்டவ எண்டு நினைக்கிறன். பிள்ளை கேட்டால் மறுக்கேலாது. வாளியிலை வை, ஒக்ரோபரிலை உள்ளை தூக்கு. கறிவேப்பிலைக்கும் அதே சட்டம். உன்ரை யன்னலிலை நிக்கிற அந்தக் கறிவேப்பிலையைப் போனமுறை வரேக்கை பாத்தன். இலை எல்லாம் கொட்டி, ஈர்க்குத்தான் நிண்டுது, அடியிலை தண்ணி தேங்கி நிக்குது. நரம்புக்கு நரம்பு பழுப்புப் பொட்டுப் பொட்டாய் ஒட்டியிருந்ததே, அது செதில் பூச்சி. நகத்தாலை சுரண்டி எடுத்துப்போட்டுச் சவர்க்காரத் தண்ணியாலை துடை. மாரியிலை அது நித்திரை, தண்ணியைக் குறை. மண் காய்ஞ்சு விரல் உள்ளை போனாலும் ஒட்டாத அளவுக்கு வந்தால்தான் ஊத்து. ரா 10 பாகைக்கு மேலை நிலைச்சாப் பிறகு வெளியிலை வை, அதுவும் நிழலிலையிருந்து துவங்கி.

ஒக்ரோபரிலை இன்னொரு வேலை இருக்கு. தெரு முழுக்க மேப்பிள் இலையைக் கூட்டி, பழுப்புக் கடுதாசிப் பையிலை கட்டி வாசலிலை வைப்பாங்கள். ஊரிலை குழை தாழ்க்கிறதுக்குப் பூவரசங்குழை வெட்டக் கத்தியும் கொக்கத்தடியும் கொண்டு எவ்வளவு தூரம் போனனாங்கள்! இஞ்சை கட்டி, வாசலிலை வைச்சு, ஓசியிலை தாறாங்கள். இருட்டினாப் பிறகு காரிலை போய் ஏத்திக்கொண்டு வா. வெட்கமாயிருந்தால் என்னைப் பக்கத்திலை இருத்திக்கொண்டு போ, கிழவனுக்கு விசர் எண்டு நினைப்பாங்கள். அந்த இலையைக் களிக்குள்ளை தாழ்த்து. அதுக்குள்ளையே உள்ளிப் பல்லை ஊண்டி, மேலையும் இலையாலை மூடு. ஸ்நோவுக்குக் கீழை அது பத்திரமாய்க் கிடக்கும். அடுத்த ஏப்ரல் 14 இலை உனக்குக் கை துறுதுறுக்கேக்கை, பச்சையாய் முளைச்சு நிக்கிறது அது ஒண்டுதான்; அதைப் பாத்துக்கொண்டு நில், வேறை ஒண்டையும் தொடாதை.

இவ்வளவும் சொல்லியும் நீ சித்திரைக்கு நடுவாய், எனக்குத் தெரியும். உன்ரை அப்பனும் அப்பிடித்தான். மழை வருகுது எண்டு சொன்னால் வெங்காயத்தைக் காயப் போடுற மனிசன். பரவாயில்லை, என்ரை பேஸ்மென்ட்டிலை மேலதிகமாய்க் கண்டு நிக்குது. மே கடைசியிலை வா, தாறன். காசு வேண்டாம், சொந்தத்துக்குள்ளை என்ன காசு. மிளகாய்க் கண்டு ஒண்டுக்கு வெள்ளிக்கிழமை ஒருக்காக் கோயிலுக்குக் காரிலை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து விடோணும். அர்ச்சனை முடிய அரை மணித்தியாலம் நான் ஆக்களோடை கதைப்பன், ஹோர்ன் அடிக்கக் கூடாது. கத்தரிக் கண்டுக்குக் கண் டொக்டர். வெண்டிக்குத் தமிழ்க் கடை, மீன் வெட்டிற வரைக்கும் நிண்டு. பாவல் மட்டும் கொஞ்சம் விலை கூட, மோனை. அதுக்கு உன்ரை பெரியம்மாவை ஓகஸ்ட்டிலை நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போகோணும், அவவின்ரை தங்கச்சி குடும்பம் லண்டனிலையிருந்து வருகுது, ஆறு பேர், ரெண்டு கார் வேணும்.